ஓர் ஆத்தங்குடிக் கல்லை ஐந்து நிமிடம் பார்க்கும் முறை

கவனித்துப் பார்க்கப் பழகுவதற்குத் தனி அறையோ பயிற்சி வகுப்போ தேவையில்லை. செட்டிநாட்டு வீட்டின் வளவில், அதாவது நடு முற்றம் சூழ்ந்த பகுதியில், வெளிச்சம் விழும் காலை வேளையில் தரையில் அமர்ந்து, எதிரே பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கற்களில், அதாவது கையால் செய்த வண்ணச் சிமெண்டுத் தரைக்கற்களில், ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். ஐந்து நிமிடத்திற்கு மணி வையுங்கள். கைப்பேசியில் வைப்பதை நான் ஏற்பதில்லை. மணி பார்க்க எடுத்த கை வாட்ஸ்அப்பைத் திறந்துவிடும். சாவி கொடுக்கும் பழைய கடிகாரமே போதும்.

இனிக் கல்லின் நிறம், கோடு, தேய்மானம் ஆகியவற்றை ஒரு மூலையிலிருந்து வரிசையாகப் பாருங்கள்.

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். முதல் வாரம் முழுவதும், கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுவதும், அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு, இறுகிய கல்லைத் தண்ணீரில் ஊறப்போடுவதும், மெருகேற்றாமலே கண்ணாடியால் அதற்குப் பளபளப்பு வருவதும் என் மனத்தில் ஓடின. அங்கிருந்து இதைப் பதித்த ஐயா (தாத்தா), பங்காளிகளுக்குள் தீராத மராமத்துச் செலவு என்று எண்ணம் நீண்டது. மணி அடித்தபோது அந்தக் கல்லில் எத்தனை நிறங்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நம் செட்டிநாட்டு வீடுகளில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கதை உண்டு. கதை தெரிந்த பொருளைக் கண் பார்ப்பதே இல்லை.

ஆகவே, கண்ணுக்குத் தெரிவதற்கு மட்டும் சொல் கொடுங்கள். ‘காவிச் சிவப்பு’ என்பது சரி. ‘ஐயா காலத்துக் கல்’ என்பது சரியன்று. மனம் பங்காளி வீட்டுக்குப் போய்விட்டால் அதைக் கடிந்துகொள்ளாமல், விட்ட மூலையிலிருந்தே மறுபடி தொடங்குங்கள். மணி அடித்தபின் கண்ணை மூடி நிறங்களை எண்ணுங்கள். பிறகு திறந்து சரிபாருங்கள்.

ஜான் கபாட்‌-ஜின் 1979இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய எட்டு வாரக் கவனப் பயிற்சியில் ஓர் உலர்திராட்சையை இவ்வாறு பார்த்தும் தொட்டும் முகர்ந்தும் பிறகே உண்ணச் சொல்வார்கள். எனக்கு அதைவிடக் கறுப்புக் கவுனி அரிசியே பிடிக்கும். திராட்சையைக் கண்டதும் நாக்கு முந்திக்கொள்கிறது. ஊறப்போட்ட கவுனியிலிருந்து ஊதா நிறம் மெல்ல நீரில் இறங்குவதைப் பார்க்கும்போது அவசரம் எழுவதில்லை.

பிற்சேர்க்கை: கண் எரிகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். இமைக்காமல், நீர் வழியும்வரை ஒன்றையே நோக்கும் திராடகம் என்ற யோகப் பயிற்சி வேறு. இங்கே தாராளமாக இமைக்கலாம். தரையில் அமர முடியாதவர்கள் திண்ணையில் அமர்ந்து எதிர்த் தூணைப் பார்க்கலாம், அது பர்மாத் தேக்கு என்பதை மட்டும் அந்த ஐந்து நிமிடம் மறந்துவிட்டு.