பழைய கேம்பர் வேனில் ஸ்டியரிங் கோளாறா? எதையும் கழற்றும் முன் இப்படிக் கண்டுபிடியுங்கள்

படுக்கை, அடுப்பு வைத்துத் தங்கிப் பயணம் போகிற கேம்பர் வேனில் ஸ்டியரிங் சரியில்லை என்று சொன்னதுமே, வளையம் சுழல்வதைச் சக்கரத்தின் திருப்பமாக மாற்றுகிற ஸ்டியரிங் பாக்ஸையோ ரேக்கையோ மாற்றச் சொல்லிவிடுவார்கள். அவசரப்பட வேண்டாம். கையில் பிடிக்கும் ஸ்டியரிங் வளையத்துக்கும் முன் சக்கரத்துக்கும் நடுவில் பல இணைப்புகள் இருக்கின்றன. எது போயிருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பல நேரம் சின்னச் செலவிலேயே முடிந்துவிடும். கூட ஒரு ஆள், டார்ச், சாக்பீஸ், ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு இருந்தால் போதும்.

மாருதி ஆம்னி என்றால் ரேக் அண்ட் பினியன். பெரிய பழைய வேன்களில் பெரும்பாலும் ஸ்டியரிங் பாக்ஸ். தேடும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

1. எந்த மாதிரிக் கோளாறு?

வளையத்தைத் திருப்பியும் சக்கரம் உடனே அசையவில்லை என்றால் ஆட்டம். வண்டி ஒரு பக்கமே போனால் இழுப்பு. குறிப்பிட்ட வேகத்தில் வளையம் நடுங்கினால் உதறல். திருப்பவே கஷ்டமாக இருந்து, வளைவு முடிந்தும் தானாக நேருக்கு வரவில்லை என்றால் கனம்.

2. டயரும் பாரமும்

டயரில் காற்று அளவை வண்டி ஓடுவதற்கு முன், காலையிலேயே பாருங்கள். பிறகு டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்காக, உள்ளிருந்து வெளியேயும் வெளியிலிருந்து உள்ளேயும் ஓட்டுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் ரம்பம்போலவும் இருந்தால் அலைன்மெண்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், போயிருக்கிறது.

அப்புறம், கேம்பருக்கே உரிய ஒன்று: தண்ணீர் டேங்க், பேட்டரி, அடுப்பு எல்லாம் ஒரே பக்கம் இருந்தால் வண்டி அந்தப் பக்கம் சாயும். பின்னால் பாரம் அதிகமானால் முன்பக்கம் லேசாகி, ஸ்டியரிங் பிடிப்பில்லாமல் அலையும். டேங்கைக் காலி செய்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

நம் ராமநாதபுரம் பக்கத்தில் இழுப்பைச் சோதிக்கப் பாம்பன் பாலம் வேண்டாம். பக்கக் காற்றில் அங்கே நல்ல வண்டியே தள்ளாடும். தனுஷ்கோடி தாண்டிய அரிச்சல்முனை ரோட்டிலும் அப்படித்தான், மணல் வேறு ஏறிக் கிடக்கும். காற்று எழும்பாத விடிகாலையில், தேவிபட்டினம் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆளில்லாத நேரான இடமாகப் பார்த்து, போயும் வந்தும் ஓட்டுங்கள். போகும்போது ஒரு பக்கமும் வரும்போது மறு பக்கமும் இழுத்தால் அது காற்றின் வேலை. இரண்டு முறையும் ஒரே பக்கம் என்றால் வண்டியில்தான் கோளாறு. லேசாக இடப்பக்கம் மட்டும் போனால் ரோட்டின் ஓரச் சரிவாகவும் இருக்கலாம். வண்டிதான் என்று தெரிந்தால் முன் டயர் இரண்டையும் இடம் மாற்றுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றவாளி டயர்தான்.

3. கையால் தேடுவது

இதுதான் முக்கியமான வேலை, நிதானமாகச் செய்யுங்கள். கெட்டியான தரையில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சக்கரங்கள் தரையிலேயே இருக்கட்டும். வளையத்தின் மேல் விளிம்பில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, சக்கரம் அசையத் தொடங்கும்வரை அந்தக் கோடு எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். ரேக் வண்டியில் அது 3 செ.மீ. தாண்டினால் விடக்கூடாது.

இப்போது துணைக்கு வந்தவர் வளையத்தைச் சின்னச் சின்னதாக இடமும் வலமும் ஆட்டட்டும். நீங்கள் வளையத்திலிருந்து கீழே இறங்கும் தண்டின் (ஸ்டியரிங் காலம்) அடியிலுள்ள ஜாயிண்டிலிருந்து தொடங்கி, ரேக் அல்லது பாக்ஸ், அங்கிருந்து சக்கரத்தைத் தள்ளி இழுக்கும் கம்பியான டை ராட், அதன் நுனியிலுள்ள பந்து மூட்டான டை ராட் எண்ட் என்று ஒவ்வொன்றாக வாருங்கள். ஒவ்வொரு ஜாயிண்டின் மேலும் இரண்டு பாகமும் தொடுகிற மாதிரி விரலை வையுங்கள். சந்துக்குள் மட்டும் விரலை விடாதீர்கள். ஒரு பாகம் அசைந்து, அடுத்தது தாமதமாக 'டக்' என்று அசைகிறதா? அந்த ஜாயிண்ட்தான். ரேக்கே சேஸியில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) நகர்கிறது என்றால் மவுண்டிங் போல்ட்டையும் ரப்பரையும் பாருங்கள்.

டை ராட் எண்டை மூடியிருக்கும் ரப்பர் உறையை (பூட்) கட்டாயம் கவனியுங்கள். நம் கடற்கரையில் பூட் கிழிந்தால் உப்பும் மணலும் கிரீஸோடு கலந்து உள்ளே பந்தைத் தேய்த்துவிடும். வெளியே கறுப்பாக ஒழுகி, மணல் ஒட்டிய கிரீஸ் தெரிந்தால் அதுவே அடையாளம்.

4. சக்கரத்தைத் தூக்கிப் பார்ப்பது

மணலில் ஜாக்கி போடவே கூடாது, புதைந்து சரியும். தூக்கியதும் ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை நுழைக்காதீர்கள்.

சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? டை ராட் பக்கம் பாருங்கள். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தெரிகிறதா? சக்கர பேரிங், அல்லது சக்கரம் இடவலம் திரும்பத் தாங்கும் பால் ஜாயிண்ட் (பந்து மூட்டு) அல்லது கிங் பின் (பழைய வண்டிகளில் உள்ள தண்டு). எது என்று பிரிக்கத் துணை ஆளைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங், மறையாவிட்டால் ஜாயிண்ட் அல்லது கிங் பின்.

கனம் என்றால் முன் சக்கரம் இரண்டையும் தூக்கிவிட்டு வளையத்தைத் திருப்புங்கள். லேசாகிவிட்டால் காற்று குறைவு, பாரம், அலைன்மெண்ட் இவற்றில் ஒன்று. அப்போதும் கனமாகவே இருந்தால் ஏதோ துருப்பிடித்து இறுகியிருக்கிறது. டை ராட் எண்டுகளைக் கழற்றிவிட்டுத் திருப்பினால் இறுக்கம் ரேக்கிலா சக்கரப் பக்கமா என்று தெரிந்துவிடும்.

உதறலுக்கு முதலில் ரிம்மின் உள்பக்கம் காய்ந்து ஒட்டிய மணலைக் கழுவுங்கள், அப்புறம் வீல் பேலன்சிங். பிரேக் பிடிக்கும்போது மட்டும் உதறினால் டிரம் அல்லது டிஸ்க்கைப் பார்க்க வேண்டும்.

5. மாற்றும்போது

பந்து கையிலேயே ஆடுகிற டை ராட் எண்டோடு வண்டியை ஓட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போகாதீர்கள், மெக்கானிக்கை இடத்துக்கே வரச் சொல்லுங்கள். பழையதைக் கழற்றும் முன் லாக் நட் இருக்கும் இடத்தில் பெயிண்டால் குறி வைத்து, எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணி, புதியதை அதே சுற்றுக்கு ஏற்றுங்கள். நட் கழலாமல் தடுக்கும் ஸ்ப்ளிட் பின் இருந்த இடத்தில் புதிய பின்தான் போட வேண்டும். முடிந்த கையோடு அலைன்மெண்ட் பார்த்துவிடுங்கள், கேம்பரில் வழக்கமாக ஏற்றும் பாரத்தையும் ஏற்றிக்கொண்டு.