குளிர்காலத்தில் ஜெட் ஸ்கீயில் சாஃப்ட் பிளாஸ்டிக் மீன்பிடிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிர்காலம் தொடங்கியதும் படகு இறக்கும் தளத்தில் புதிய முகங்கள் தெரியும். கோடையில் சும்மா ஓட்டுவதற்காக வாங்கிய ஜெட் ஸ்கீயில் தூண்டில் கம்பைச் செருகும் ராட் ஹோல்டரும் ஐஸ் பெட்டியும் மாட்டிக்கொண்டு வருவார்கள். ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் நாங்களெல்லாம் ஆரம்பத்தில் செய்ததையே அவர்களும் செய்வதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. லைஃப் ஜாக்கெட் போடுங்கள், வானிலை பாருங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. விவரம் தெரிந்தவர்களே தடுக்கி விழும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

கயிறு தண்ணீரில் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்வது

எனக்கு இன்னமும் எரிச்சல் மூட்டுவது இதுதான். செலவும் இதில்தான் அதிகம்.

ஜெட் ஸ்கீ எடை குறைந்தது. லேசான காற்றுக்கே ஓடிவிடும். அதனால் முன்பக்க வளையத்தில் கயிறு கட்டி, தண்ணீருக்குள் பாராசூட் போல விரியும் ட்ரோக்கை இறக்கி வேகத்தைக் குறைக்கிறோம். அது வேண்டியதுதான். அது இல்லாமல் சாஃப்ட் பிளாஸ்டிக் லூரை, அதாவது மென்மையான பிளாஸ்டிக்கில் செய்த செயற்கை இரையை, நிதானமாக அடிக்குக் கொண்டுபோவது கஷ்டம். சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஜெட் ஸ்கீ தன் அடிப்பக்கத்துக் கம்பித் தடுப்பு வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, உள்ளே சுழலும் இம்பெல்லர் என்ற விசிறியால் பின்னுக்குத் தள்ளித்தான் ஓடுகிறது. உறிஞ்சும் அந்த வாய்க்குத் தண்ணீரும் கயிறும் ஒன்றுதான்.

எங்களோடு புதிதாக வரத் தொடங்கிய ஒரு தம்பி இருக்கிறான். நல்ல கை, பொறுமையாக வீசுவான். ஒருநாள் மீன் கவ்வுவது நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. கொஞ்சம் தள்ளிக் கடற்பறவைகள் கூட்டமாகத் தண்ணீருக்குள் பாய ஆரம்பித்தன. கீழே இரை மீன் கூட்டம் இருக்கிறது, பெரிய மீன் துரத்துகிறது என்று அர்த்தம். ராடை ஹோல்டரில் செருகினான், உட்கார்ந்தான், ஸ்டார்ட் பட்டனை அழுத்தினான். நாங்கள் கத்தியது அவன் காதில் விழுவதற்குள் முன்னால் மிதந்துகொண்டிருந்த கயிறு விறைத்து ஸ்கீயின் அடியில் போய்விட்டது. 'டக்' என்று ஒரு சத்தம். என்ஜின் நின்றுவிட்டது.

"அண்ணே, நியூட்ரல்லதானே இருந்துச்சு?" என்றான்.

இதைத்தான் நிறையப் பேர் தெரிந்துகொள்ளவில்லை. ஜெட் ஸ்கீயில் கார் போன்ற நியூட்ரல் கிடையாது. பின்பக்கத்து மூடி, வெளியேறும் தண்ணீரை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துவிடுவதால் வண்டி நகராமல் நிற்கிறது, அவ்வளவுதான். என்ஜின் ஓடினால் இம்பெல்லரும் சுற்றும், உறிஞ்சுதலும் நடக்கும். பழைய மாடல்கள் பலவற்றில் அந்த மூடியும் இல்லை.

அவன் உடனே தண்ணீரில் குதித்துக் கயிற்றை அறுக்கப் பார்த்தான். நான் விடவில்லை. தண்ணீர் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால், விழுந்த முதல் நிமிடத்தில் மூச்சு கட்டுப்பாட்டில் இருக்காது. 10 நிமிடத்தில் விரல்கள் சொன்னபடி கேட்காது. அந்த விரல்களில் கத்தியைப் பிடித்துக்கொண்டு, அலையில் ஏறி இறங்கும் வண்டியின் அடியில் தலையைக் கொடுப்பதா? என்ஜினை அணைத்து, லேன்யார்டைக் (ஓட்டுபவர் விழுந்தால் என்ஜினை நிறுத்த, கில் ஸ்விட்ச்சோடு அவரை இணைக்கும் கயிறு) கழற்றிவிட்டு, ஸ்கீயின் மேல் இருந்தபடியே கயிற்றை மெதுவாக இழுத்துப் பாருங்கள். வரவில்லையென்றால் எட்டிய வரை அறுத்துவிட்டு உதவி கேளுங்கள்.

கட்டி இழுத்துக்கொண்டு வருவதும் லேசான காரியமல்ல. வேகமாக இழுத்தால் குளிர்விக்கும் குழாய் வழியாகத் தண்ணீர் என்ஜினுக்குள் ஏறிவிடும். மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. குளிர்காலத்தில் பொழுதோ சீக்கிரம் சாயும். அன்று விளக்குகளைப் பார்த்துத்தான் கரை சேர்ந்தோம். பிறகு பிரித்துப் பார்த்தால் கயிறு இம்பெல்லரைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டில் இறுகச் சுற்றியிருந்தது. இம்பெல்லர் விளிம்பு மடங்கி, அதைச் சுற்றியுள்ள வளையத்தில் ஆழமான கீறல். ஒரு குளிர்காலத்து மீன்பிடிப்பு முழுவதும் அவனுக்குப் போயிற்று. கயிற்றை உருவி எடுக்க ஒரு நிமிடம் கூட ஆகாது என்பதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

இதற்கு நான் செய்வது ஒன்றுதான். ட்ரோக் தண்ணீரில் இறங்கிய மறுநிமிடம் கில் ஸ்விட்ச்சிலிருந்து லேன்யார்டை எடுத்து, ட்ரோக் கயிறு கட்டிய இடத்திலேயே மாட்டிவிடுவேன். லேன்யார்டு இல்லாமல் என்ஜின் ஸ்டார்ட் ஆகாது. அதை எடுக்கப் போனால் கை கயிற்றில் பட்டே தீரும். எந்தப் பறவைக் கூட்டம் வந்தாலும் சரி.

தூண்டிலில் போடும் பின்னல் நூலான பிரெய்டு நூலுக்கும் இதே கதைதான். மெல்லிய நூல் ஷாஃப்டில் சுற்றினால் சத்தமே வராது. ஷாஃப்டைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கும் 'சீல்' வளையத்தை அரித்துத் தண்ணீர் கசியத் தொடங்கிய பிறகுதான் தெரியும். லூர் கைக்கு வந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.

காற்றைப் பார்த்து உடுத்துவது

வெயில் அடித்தாலும் தண்ணீரின் குளிருக்கு ஏற்ற உடைதான். உதவி கேட்கும் ரேடியோவும் பெட்டிக்குள் அல்ல, உடம்பில் இருக்க வேண்டும்.

காற்று வரும் பக்கம் வீசுவது

ஸ்கீ எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கம் வீசுங்கள். லூரை நோக்கி நாம் போவதால் நூல் தளர்ந்து, லூர் இயல்பாக இறங்கும். எதிர்ப்பக்கம் வீசினால் நூல் இழுபட்டு லூர் மேலேயே தொங்கும். போதாததற்கு ட்ரோக் கயிறும் அந்தப் பக்கம்தான், சிக்கிக்கொள்ளும்.

அடி தொடவில்லையென்று கனத்தை ஏற்றுவது

7 கிராம் ஜிக் ஹெட் (கனமான தலையுள்ள கொக்கி) இறங்கவில்லையென்றால் 14, அதற்கு மேல் 21 என்று போவார்கள். ஸ்கீயின் வேகத்தைக் குறைக்காமல் கனத்தை ஏற்றினால் லூர் கல்லாக விழும். குளிர்ந்த தண்ணீரில் மீனின் உடல் இயக்கமே மந்தமாக இருக்கும். வேகமாக விழுவதைத் துரத்த அது மெனக்கெடாது. முதலில் ட்ரோக்கைச் சரிசெய்யுங்கள், அப்புறம் அடியைத் தொடும் அளவுக்குள் எது லேசானதோ அதைப் போடுங்கள்.

கோடை வேகத்தில் ஆட்டுவது

ராடை ஒருமுறை மெல்லத் தூக்கி, லூரை விழவிட்டு, அடியில் சில நொடி சும்மா கிடக்க விடுங்கள். பெரும்பாலும் விழும்போதுதான் கவ்வும். அதுவும் குளிர்காலத்தில் 'படார்' என்று இழுக்காது. இறங்கிக்கொண்டிருக்கும் நூல் அடி தொடுவதற்கு முன்பே நின்றுபோகும், அல்லது தண்ணீரின் மேல் கிடக்கும் நூல் ஒரு விரல் அகலம் பக்கவாட்டில் நகரும். அதுதான் மீன். நூலைப் பார்க்காமல் ராட் நுனியையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு மீன் வந்து துப்பிவிட்டுப் போனதே தெரியாது.

லூரைக் கோணலாக மாட்டுவது

கொக்கி நடுமுதுகில் வெளியே வர வேண்டும். கோணலாக இருந்தால் லூர் சுழலும், நூல் முறுக்கும்.

எல்லா லூரையும் ஒரே பையில் போடுவது

ரப்பர் போல நீளும் வகையைச் சாதாரண பிவிசி லூர்களோடு சேர்த்து வைத்தால் இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். வந்த உறையிலேயே வையுங்கள்.

கரைக்கு வந்ததும் முதலில் குழாயைத் திறப்பது

உப்புத் தண்ணீரைக் கழுவும்போது வரிசை முக்கியம். கடல் நீரால் குளிரும் என்ஜினில் முதலில் ஸ்டார்ட், பிறகு குழாய். முடிக்கும்போது முதலில் குழாயை மூடி, பிறகுதான் என்ஜினை அணைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் எக்ஸாஸ்ட் வழியாகத் தண்ணீர் என்ஜினுக்குள் ஏறிவிடும். உங்கள் மாடலுக்கு எது முறை என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.