ஜெனரேட்டர் ஓடியதும் ஆர்.சி.சி.பி. விழுகிறதா?

ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கோடு இணைத்தவுடன் ஜெனரேட்டரிலுள்ள எர்த் லீக்கேஜ் பிரேக்கர் (ஆர்.சி.சி.பி., அதாவது மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) டிரிப் ஆகிறது என்றால், பழுது தேடி அலையும் முன் சேஞ்ச் ஓவர் சுவிட்சைப் (வீட்டை லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றுவது) பாருங்கள். அது ஃபேஸை மட்டும் மாற்றும் வகையாக இருந்தால், நியூட்ரலையும் சேர்த்து மாற்றுவதைப் போடச் சொல்லுங்கள். சிங்கிள் ஃபேஸுக்கு இரண்டு வயரையும் மாற்றும் 2 போல் (pole) சுவிட்ச், மூன்று ஃபேஸுக்கு நான்கையும் மாற்றும் 4 போல் சுவிட்ச்.

காரணம் இதுதான். பல ஜெனரேட்டர்களில் நியூட்ரல் உள்ளேயே பாடியோடு, அதாவது எர்த்தோடு, இணைக்கப்பட்டிருக்கும். வீட்டு மின் இணைப்பின் நியூட்ரலும் வேறோர் இடத்தில் எர்த்தோடு சேர்ந்திருக்கும். இப்படி இரண்டு இடத்தில் சேரும்போது, திரும்பி வரும் மின்னோட்டத்தில் ஒரு பங்கு எர்த் வயர் வழியாகப் போய்விடும். போவதும் வருவதும் சமமாக இல்லாததால் பிரேக்கர் அதைக் கசிவு என்றே எடுத்துக்கொள்ளும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசமே அதற்குப் போதும்.

டிரிப்பை நிறுத்த எர்த் வயரைக் கழற்றிவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து வேண்டாம், உயிரைக் காப்பதே அந்த வயர்தான்.

நியூட்ரல் பாடியோடு சேராத ஜெனரேட்டருக்கு (இன்வெர்ட்டர் வகைகள் பலவும் அப்படித்தான்) இது பொருந்தாது. அங்கே நியூட்ரலையும் பிரித்துவிட்டால் கசிவு திரும்ப வழியில்லாமல் வீட்டு ஆர்.சி.சி.பி. வேலை செய்யாமல் போகலாம். எந்த வகை என்று அறிய, ஜெனரேட்டரை நிறுத்தி, எல்லா இணைப்பையும் கழற்றிவிட்டு, அதன் சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டரைக் கன்டினியூட்டி (பீப்) நிலையில் வையுங்கள். பீப் வந்தால் சேர்ந்திருக்கிறது. சுவிட்ச் மாற்றும் வேலை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனுடையது.