ஆயில் கசியும் ஸ்பிளெண்டர், வழுக்கும் கிளட்ச்: எங்கே கை வைப்பது?

ஸ்பிளெண்டர் போன்ற 100 சிசி வண்டிகளில் கிளட்ச் பிளேட்டுகள் என்ஜின் ஆயிலில் நனைந்தபடியேதான் சுழல்கின்றன. ஆகவே வெளியே ஆயில் கசிவதால் மட்டும் கிளட்ச் வழுக்காது. இரண்டு கோளாறும் ஒரே நேரத்தில் வந்தாலும் காரணம் பெரும்பாலும் வேறு வேறு. ஆனால் என்ஜினின் வலப்பக்க கவரைக் கழற்றும் வேலை பல சமயம் இரண்டுக்கும் பொது. கழற்றுவதற்கு முன்பே இரண்டையும் சோதித்துவிட்டால் பேக்கிங் (கவருக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தாள்) செலவும் ஆயில் செலவும் ஒரு தடவையோடு போகும்.

கசிவு எங்கே என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஆயில் கீழே வழியும், ஓடும்போது காற்றில் பின்னாலும் போகும். கடைசியில் ஆயிலை வடிக்க அடியில் இருக்கும் டிரெயின் போல்ட்டில் வந்து சொட்டும். பாவம், பாதி வண்டிகளில் அந்த போல்ட் குற்றமே செய்திருக்காது. என்ஜினை டீசல் தொட்ட பிரஷ்ஷால் கழுவித் துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் முகப்பவுடரைத் தூவுங்கள். 10, 15 நிமிடம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். பவுடர் நனைந்த இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறதோ, கசிவு அங்கிருந்துதான்.

ஈரம் என்ஜின் தலையிலுள்ள டேப்பெட் (வால்வு) மூடியென்றால் மாற்ற வேண்டியது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். டிரெயின் போல்ட்டென்றால் வாஷர். கியர் லீவர், கிக்கர், முன் ஸ்ப்ராக்கெட் ஆகியவற்றின் அடியில் ஈரமென்றால் அந்தந்த ஷாஃப்ட்டின் ஆயில் சீல். செயினுக்குப் போட்ட ஆயிலும் ஸ்ப்ராக்கெட் பக்கம் தெறித்து ஏமாற்றும். அதைத் துடைத்துவிட்டு முடிவு செய்யுங்கள். கியர், கிக்கர் சீல்களைப் பெரும்பாலும் வெளியிலிருந்தே மாற்றலாம். பழைய சீலை நெம்பும்போது ஷாஃப்ட்டில் கீறல் விழக்கூடாது. விழுந்தால் புதுசும் கசியும். ஷாஃப்ட்டின் பல் மேல் செல்லோடேப் சுற்றி, சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, ஸ்ப்ரிங் தெரியும் பக்கம் உள்ளே போகும்படி, சீலின் விளிம்பளவுள்ள பாக்ஸ் சாக்கெட் வைத்து மெல்லத் தட்டுங்கள்.

கவர் ஓரத்தில் கசிகிறதென்று போல்ட்டை மேலும் முறுக்குபவர்கள் அலுமினிய மரையைத்தான் பிய்த்துவிடுகிறார்கள்.

கிளட்சை அளக்கத் தனிக் கருவி வேண்டாம். மூன்றாவது, நான்காவது கியரில் போகும்போது ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திருகுங்கள். சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் வழுக்குகிறது. மாறாக, கிளட்ச் பிடித்தும் வண்டி நகர்ந்தால், நியூட்ரல் விழ மறுத்தால், பிளேட் விலகவில்லை என்று பொருள். முதலில் லீவரின் நுனியில் தளர்வைப் பாருங்கள்: 10 முதல் 20 மி.மீ. இருக்க வேண்டும். தளர்வே இல்லாவிட்டால் கிளட்ச் எப்போதும் அரைகுறையாகப் பிடித்தபடியே இருந்து பிளேட் கருகும். அதிகமாக இருந்தால் விலகாது. கேபிள் இழை பிய்ந்திருந்தால் மாற்றிவிட்டுத்தான் அட்ஜஸ்ட் செய்ய வேண்டும்.

அடுத்து ஆயில். டப்பாவில் ஜாஸோ (பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தரக்குறி) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும், 10டபிள்யூ30 போதும். எம்பி என்றிருப்பது ஸ்கூட்டருக்கு, இந்தக் கிளட்சில் வழுக்கும். கார் ஆயிலும் அப்படித்தான். அளவு பார்க்க மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு அணைத்து, மீண்டும் அவ்வளவு நேரம் பொறுத்து, துடைத்த கேஜை (ஆயில் மூடியோடு இருக்கும் அளவுக் குச்சி) திருகாமல் செருகிப் பாருங்கள். அதிகம் ஊற்றினால் பிரீதர் என்ற காற்றுக் குழாய் வழியாக ஏர் ஃபில்டருக்குப் போய், அது வேறொரு கசிவாகத் தெரியும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வழுக்கினால் கவரைத் திறக்க வேண்டியதுதான். ஆயிலை வடித்து, கிக்கரைக் கழற்றி, 8 மி.மீ. போல்ட்டுகளை எடுத்த வரிசையில் அட்டையில் குத்தி வையுங்கள். அவை எல்லாம் ஒரே நீளமில்லை. கவரைச் சரியான இடத்தில் உட்காரவைக்கும் இரண்டு டவல் பின்களைத் தொலைக்காதீர்கள். ஃப்ரிக்ஷன் பிளேட்டின் தடிமனைப் புதுசோடு வெர்னியர் அளவுகோலில் ஒப்பிடுங்கள். ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள். ஆடினாலோ நீலம் பாய்ந்திருந்தாலோ மாற்றுங்கள். ஸ்ப்ரிங்கையும் கூடவே செட்டாக மாற்றுவது நல்லது. பிளேட்டுகள் உட்காரும் டிரம்மின் விரல் போன்ற நீட்சிகளில் பள்ளம் விழுந்திருந்தால் புது பிளேட்டும் மாட்டிக்கொண்டு நிற்கும். புது பிளேட்டுகளை மாட்டும் முன் என்ஜின் ஆயிலில் ஊறவையுங்கள்.

திறந்த கையோடு ஆயில் வலையையும், கிராங்க் முனையில் சுழலும் ஃபில்டரையும் கழுவிவிடுங்கள். பழைய பேக்கிங்கை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டாமல் பிளேடால் எடுங்கள். புது பேக்கிங்கோடு அனபாண்ட் பசையை அள்ளிப் பூசினால் பிதுங்கிய துணுக்கு அந்த வலையிலேயே அடைக்கும். போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். புது பிளேட் போட்ட பிறகு கிளட்ச் தளர்வை மறுபடி சரிசெய்துவிட்டு, அடுத்த நாளும் ஒருமுறை பாருங்கள். பிளேட் படிந்ததும் அந்த அளவு சற்று மாறும்.