பெயரடைவில் ‘பிள்ளை’களைப் பதிவது எப்படி?

புத்தகங்களின் கடைசியில் வரும் அகரவரிசைப் பெயர்ப் பட்டியலான பெயரடைவைப் போட்டுப் பிழைக்கிறவன் நான். இந்த வேலையில் அடிக்கடி என் பேனாவை நிறுத்துவது ‘பிள்ளை’. கண்டதுமே ‘வெள்ளாளர்’ என்று சாதியைக் குறித்துக்கொண்டு நகர்கிறவர்கள் உண்டு. அந்த அவசரம் ஆகாது.

முதலில் அது பட்டமா, பெயரிலேயே சேர்ந்ததா என்று பாருங்கள். மகளிர் சுயஉதவிக் குழுப் பணிக்காக 2019இல் பத்மஸ்ரீ பெற்ற மதுரைச் சின்னப்பிள்ளையிடமிருந்து ‘பிள்ளை’யைக் கழற்றினால் மிஞ்சுவது ‘சின்ன’ மட்டும்தான். யாழ்ப்பாணத்து வேலுப்பிள்ளை, தம்பிப்பிள்ளைகளும் அப்படியே. பெற்றோர் வைத்த பெயரே அது. ஒரே சொல்லாகப் பதியுங்கள்.

வைணவ உரைநூல் என்றால் இன்னும் நிதானம் வேண்டும். பெரியவாச்சான் பிள்ளை, பிள்ளை லோகாசாரியர் இருவருமே அந்தணர்கள். பின்னவருக்குப் ‘பிள்ளை’ முன்னாலேயே வந்து நிற்கிறது. அவரைப் ‘பி’ வரிசையில்தான் தேடுவார்கள், அங்கேயே வையுங்கள்.

கணக்கப்பிள்ளை உத்தியோகப் பெயர். கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) ஆவணங்களில் ‘கானிகோபோலி’ என்று உருக்குலைந்து வரும். யாரோ இத்தாலிக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள்!

பட்டமாக வரும்போதும் சாதியையோ மதத்தையோ ஊகிக்க வழியில்லை. 1736 முதல் நாட்குறிப்பு எழுதிய புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை ஆயர். நாகசுரம் ராஜரத்தினம் பிள்ளை இசை வேளாளர். தகழி சிவசங்கரப் பிள்ளை நாயர். மாயூரம் வேதநாயகம் பிள்ளையோ கத்தோலிக்கர். தனிச் சான்று கிடைத்தாலொழிய சாதி குறிக்கும் இடத்தைக் காலியாக விடுங்கள்.

இவர்களையெல்லாம் சொந்தப் பெயரின் கீழ் வையுங்கள்: ‘வேதநாயகம் பிள்ளை, ச.’ ‘பிள்ளை’யை முன்னால் திருப்பிப் போட்டால் ‘பி’ வரிசையில் ஒரு கூட்டமே முண்டியடிக்கும், தேடுகிறவருக்கு ஒருவரும் அகப்பட மாட்டார்.

தென்னாப்பிரிக்காவுக்கு இந்த விதி பொருந்தாது. 1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வழியில் அது தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப் பெயராகிவிட்டது. டர்பனில் பிறந்து, 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையராக இருந்தவரைப் ‘பிள்ளை, நவி’ என்றே பதிய வேண்டும்.

சேர்த்து எழுதுவதா, பிரித்தா? பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றவர்களுக்கு அவர்கள் நூலின் முகப்புப் பக்கத்தில் உள்ளபடி போடுங்கள். நூல் முழுக்க ஒரே வடிவம் இருக்கட்டும்.

முதலெழுத்தாலேயே அறியப்படுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வரி கூடுதலாகச் சேருங்கள்: ‘வ.உ.சி. – காண்க: சிதம்பரம் பிள்ளை, வ. உ.’