உங்கள் ஊருக்கு ஐடி கம்பெனிகள் வர வேண்டுமா? பெங்களூரில் ஒயர் இழுத்தவன் சொல்வது

முதல் வேலையாகக் கட்டடம் கட்டாதீர்கள். கண்ணாடி பதித்த நாலு மாடியை எழுப்பி, முகப்பில் 'டெக் பார்க்' என்று பெயர் வைத்துவிட்டால் கம்பெனி தானாக வந்துவிடும் என்று நினைக்கும் ஆட்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். வேலூர், திருப்பத்தூர், கிருஷ்ணகிரி பக்கம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், நிலம் வைத்திருக்கும் ஒரு மாமாவோ கல்லூரி நடத்தும் ஒரு தாளாளரோ என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "பெங்களூர்ல அத்தனை கம்பெனிக்கு வேலை செய்றியே, நம்ம ஊருக்கு ரெண்டு கொண்டு வர என்னப்பா பண்ணணும்?" என்று கேட்பார்கள். நான் எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர். பெங்களூர் அல்சூரில் பிறந்து வளர்ந்தவன். ஆபீஸ் தளங்களுக்கு ஒயரிங், யூபிஎஸ், ஜெனரேட்டர், நெட்வொர்க் கேபிள் எல்லாம் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. பந்தியில் நின்றுகொண்டு பதில் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

ஒரு ஊர் ஐடி ஊரா இல்லையா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை இதுதான். ஒருவர் மேனேஜரோடு முட்டிக்கொண்டு வேலையை விடுகிறார். குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யாமல், பிள்ளையின் பள்ளிக்கூடத்தை மாற்றாமல், அடுத்த மாதமே அதே ஊரில் இன்னொரு கம்பெனியில் சேர அவரால் முடிகிறதா? முடிந்தால் அது ஐடி ஊர். முடியாவிட்டால் அது ஒரு கம்பெனி இருக்கும் ஊர், அவ்வளவுதான். தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் 2011இல் ஜோஹோ ஆபீஸ் திறந்தது. அருமையான விஷயம். ஆனால் பக்கத்திலேயே இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது கம்பெனி வரும்போதுதான் என் சோதனையில் தேறும். கீழே சொல்வதெல்லாம் அந்தப் பத்தாவது கம்பெனியை மனதில் வைத்துத்தான்.

ஊரில் ஏற்கெனவே என்ன கைவேலை இருக்கிறது?

பெங்களூருக்கு ஐடி வந்தது குளுகுளு காற்றுக்காக என்று சொல்வார்கள். மூவாயிரம் அடி உயரம், நல்ல காற்று, உண்மைதான். ஊட்டியில் இதைவிட நல்ல காற்று அடிக்கிறதே, அங்கே ஏன் போகவில்லை?

1902இல் சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் போனது. 1905இல் பெங்களூர் தெருக்களில் கரண்ட் விளக்கு எரிந்தது. 1909இல் இந்திய அறிவியல் கழகம் உருவானது. டாடா யோசனை கொடுத்தார், மைசூர் அரசு 371 ஏக்கர் கொடுத்தது. 1940இல் விமானம் செய்யும் எச்ஏஎல் வந்தது, 1948இல் இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ், 1953இல் மெஷின் செய்யும் எச்எம்டி, 1954இல் பெல் எனப்படும் பாரத் எலக்ட்ரானிக்ஸ். 1975இல் விண்ணுக்குப் போன ஆரியபட்டாவைப் பீன்யா தொழிற்பேட்டையின் சாதாரண ஷெட்டுகளில்தான் உருவாக்கினார்கள். சாஃப்ட்வேர் என்ற பேச்சு எடுபடுவதற்கு முன்பே சர்க்யூட் வரையவும், சால்டர் பிடிக்கவும், கேஜ் வைத்து அளக்கவும் தெரிந்தவர்கள் இந்த ஊரில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

என் அப்பா தூரவாணிநகரில் டெலிபோன் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். ரிலே செட் சரிபார்க்கும் பிரிவு. வீட்டில் ரேடியோ கெட்டால் வெளியே கொடுக்க மாட்டார். பக்கத்து வீட்டுப் பையன்கள் எல்லாம் சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். அந்தப் பையன்களில் பாதிப் பேர் எலக்ட்ரானிக்ஸ் படித்தார்கள். ஃபேக்டரி தந்தது சம்பளத்தை மட்டும் இல்லை. அதோடு குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், பஸ், ஆஸ்பத்திரி எல்லாம் வந்தது. கூடவே 'நம்ம பிள்ளை இன்ஜினியர் ஆகணும்' என்கிற வெறியும் வந்தது.

அதனால் உங்கள் ஊரில் என்ன கைவேலை இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ராணிப்பேட்டை என்றால் பிஎச்இஎல் (பாரத் ஹெவி எலக்ட்ரிக்கல்ஸ்) கொதிகலன் துணைக்கருவி ஆலை. ஓசூர் என்றால் லேத் பட்டறையும் வண்டி உதிரிபாகமும். கோவை என்றால் பம்ப்செட். வேலூருக்கு சிஎம்சி இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கான சாஃப்ட்வேர் எழுதுகிறவருக்கு அதைவிட நல்ல பக்கத்து வீடு எது? 'ஐடி' என்று பொதுவாகக் கேட்டால் யாரும் வர மாட்டார்கள். 'மருத்துவமனை சாஃப்ட்வேர்', 'மெஷின் சாஃப்ட்வேர்' என்று குறிப்பாகக் கேட்டால், வருகிறவருக்கு முதல் நாளிலேயே பேச ஆள் கிடைக்கும்.

சலுகையைவிட கஸ்டமர் பெரிது

இன்ஃபோசிஸ் 1981இல் புனேயில் தொடங்கியது. 1983இல் பெங்களூருக்கு மாறியது. காரணம் இங்கே இருந்த மைகோ (இன்றைய பாஷ்) கம்பெனியின் வேலை. கஸ்டமர் எங்கேயோ அங்கே கடை. நிலம் இலவசம், வரி தள்ளுபடி என்று அறிவிப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். தள்ளுபடிக்காக வருகிறவர் பக்கத்து மாநிலம் இன்னும் கொஞ்சம் தள்ளுபடி கொடுத்தால் மூட்டை கட்டிவிடுவார். உங்கள் மாவட்டத்தில் பெரிய ஆஸ்பத்திரி, ஆலை, வங்கி, கூட்டுறவுச் சங்கம் எது இருந்தாலும், அவர்களுடைய கம்ப்யூட்டர் வேலையில் ஒரு பங்கை உள்ளூர் ஆட்களிடம் கொடுக்க வைக்கப் பாருங்கள். இதற்கு அரசாணை வேண்டாம், நாலு பேரைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தால் போதும்.

அடுத்தது, தனியாக ஒருவரால் வாங்க முடியாத பொருளைப் பொதுவில் வாங்கி வையுங்கள். 1985இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் மில்லர்ஸ் ரோட்டில் ஆபீஸ் போட்டபோது, சிப் டிசைனை அமெரிக்காவுக்கு அனுப்பவே அதற்கென்று சாட்டிலைட் இணைப்பு தேவைப்பட்டது. பெரிய கம்பெனி, தாங்கியது. பத்து பேர் வேலை செய்யும் கம்பெனி டிஷ்ஷுக்கு எங்கே போகும்? 1991இல் எஸ்டிபிஐ என்ற சாஃப்ட்வேர் டெக்னாலஜி பார்க்ஸ் வந்து, அரசே டிஷ் வைத்து, இணைப்பைப் பிரித்துச் சின்னக் கம்பெனிகளுக்கு வாடகைக்குக் கொடுத்தது. சின்னவர்கள் தலையெடுத்ததற்கு அது பெரிய காரணம். இன்றைக்கு டிஷ் வேண்டாம். ஆனால் சோதனைக்கூடம், நல்ல மீட்டிங் ஹால், மாதக் கணக்கில் கிடைக்கும் இருபது சீட் இடம், இதெல்லாம் பொதுவில் இருக்கலாம். 2024இல் விழுப்புரத்தில் திறந்த மினி டைடல் ஐடி பார்க் மாதிரியான சின்ன அளவு எனக்குப் பிடித்திருக்கிறது.

நிலம் வாங்கிப் போட்டாலே போதும் என்பவர்கள் எலக்ட்ரானிக்ஸ் சிட்டியை உதாரணம் காட்டுவார்கள். 1978இல் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம், ஆர்.கே.பாலிகா தலைமையில், கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் பக்கம் 332 ஏக்கரில் அதைத் தொடங்கியது. தொலைநோக்குதான், மறுக்கவில்லை. ஆனால் இடம் பரபரப்பானது தொண்ணூறுகளுக்கு அப்புறம். மேம்பாலச் சாலை 2010இல் வந்தது, மெட்ரோ 2025 ஆகஸ்டில் வந்தது. இடையில் ஒரு தலைமுறையே சில்க் போர்டு சிக்னலில் நின்று ஓய்வு பெற்றுவிட்டது. அந்த வரிசையை அப்படியே காப்பி அடிக்காதீர்கள். பஸ் முதலில் வரட்டும்.

கம்பெனி ஆள் இடம் பார்க்க வரும்போது

இது என் ஏரியா, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இடம் பார்க்க முதலாளி வர மாட்டார். அட்மின் ஆள் ஒருவர், நெட்வொர்க் ஆள் ஒருவர், சில சமயம் என்னைப் போல ஒரு கான்ட்ராக்டர். லாபியில் போட்ட கிரானைட்டை அவர்கள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. நேராக எலக்ட்ரிக்கல் ரூமுக்குப் போவார்கள்.

முதல் கேள்வி: சாங்ஷன் லோடு, அதாவது மின் வாரியம் அனுமதித்த மின்சார அளவு, எவ்வளவு? இரண்டாவது: கரண்ட் எந்த சப்ஸ்டேஷனிலிருந்து வருகிறது, அது போனால் மாற்று வழி உண்டா? கரண்ட் போனதும் ஜெனரேட்டர் சூடாகி லோடு எடுக்கப் பத்துப் பதினைந்து விநாடி ஆகும். அந்த இடைவெளியை யூபிஎஸ் தாங்கும். அதனால் யூபிஎஸ் ரூமில் ஏசி இருக்கிறதா, பேட்டரி வரிசையின் எடையைத் தளம் தாங்குமா என்று பார்ப்பார்கள். பேட்டரி எடை தெரியாமல் தளம் போட்ட கட்டடங்கள் உண்டு. அங்கே அப்புறம் இரும்பு கர்டர் கொடுத்து முட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் தொண்ணூறுகளில் ஐடிபிஎல் என்ற டெக் பார்க்கைக் கட்டும்போது சொந்த மின் நிலையமே வைத்தார்கள். அந்தக் காலத்துக் கரண்ட் நிலவரத்தில் வெளிநாட்டுக் கம்பெனியை உள்ளே இழுத்த காரணங்களில் அதுவும் ஒன்று.

அப்புறம் ஃபைபர். "ரெண்டு கம்பெனி லைன் இருக்கு சார்" என்று ஓனர் பெருமையாகச் சொல்வார். நெட்வொர்க் ஆள் வெளியே போய் மேன்ஹோல் மூடியைத் திறக்கச் சொல்வார். பார்த்தால் இரண்டும் ஒரே பள்ளத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக வரும். குடிநீர்க் குழாய்க்கு ஜேசிபி ஒரு தடவை தோண்டினால் இரண்டும் சேர்ந்தே அறுந்துவிடும். ஒரு லைன் கிழக்கிலிருந்து வந்தால் இன்னொன்று மேற்கிலிருந்து வர வேண்டும். இதைச் செய்யக் கோடிகள் வேண்டாம். ரோடு போடும்போதே இரண்டு பக்கமும் காலிக் குழாய் புதைத்து, வரைபடத்தைப் பேரூராட்சி ஆபீசில் வைத்திருந்தால் போதும். யாரும் செய்வதில்லை, புதிதாகப் போட்ட ரோட்டைத்தான் வெட்டுகிறார்கள்.

கடைசியாகப் பத்திரம். பெங்களூரில் ஏ காதா, பி காதா என்று சொத்துப் பதிவில் ஒரு பெரிய தலைவலி உண்டு. உங்கள் பக்கம் பட்டா, அங்கீகாரம், தீயணைப்புச் சான்று. வெளிநாட்டுக் கம்பெனியின் வக்கீல் இதில் ஒரு தாள் குறைந்தாலும் கையெழுத்துப் போட விட மாட்டார்.

ராத்திரி எட்டு மணிக்கு ஊர் எப்படி இருக்கிறது?

வேலைக்கு வருகிறவர்கள் எங்கே தங்குவார்கள்? பிடிஎம் லேஅவுட், மாரத்தஹள்ளி பக்கம் சந்துக்குச் சந்து பிஜி எனப்படும் பேயிங் கெஸ்ட் விடுதி இருப்பதால்தான், திண்டுக்கல்லிலிருந்து வரும் பெண் ஒரு பெட்டியோடு இறங்கி அன்று மாலையே படுக்கை பிடிக்க முடிகிறது. சாப்பாடு எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். வாடகை வீடு என்றால் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிற பழக்கம் இங்கே உண்டு. தயவுசெய்து அதை மட்டும் இறக்குமதி செய்யாதீர்கள். 'குடும்பத்துக்கு மட்டும்', 'எங்க ஆளுங்களுக்கு மட்டும்' என்று போர்டு மாட்டும் ஊருக்கு முதல் கம்பெனி தப்பித் தவறி வந்தாலும் பத்தாவது வராது. தெருவிளக்கு, ஒன்பது மணிக்கு மேல் ஒரு பஸ், பெண்களுக்கு நல்ல ஹாஸ்டல். எந்த டெக் பார்க்கையும்விட இவற்றுக்கு நான் முதலிடம் கொடுப்பேன்.

விட்டுப் போகிறவர்களைத் திட்டாதீர்கள்

இன்ஃபோசிஸைத் தொடங்கியவர்கள் பட்னி கம்ப்யூட்டர்ஸ் கம்பெனியிலிருந்து வெளியே வந்தவர்கள். 1999இல் மைண்ட்ட்ரீயைத் தொடங்கியவர்களில் பலர் விப்ரோவிலிருந்து வந்தார்கள். 2007இல் கோரமங்களாவில் ஃப்ளிப்கார்ட் தொடங்கிய இருவர் அமேசானில் இருந்தவர்கள். ஃப்ளிப்கார்ட்டை விட்டு வந்தவர்கள் 2015இல் ஃபோன்பே தொடங்கினார்கள். வாழைக்குப் பக்கக்கன்று மாதிரிதான், தாய் மரத்தைச் சுற்றித்தான் கிளம்பும். ஆகவே பாண்டு எழுதி வாங்குகிற, சர்டிபிகேட்டைப் பூட்டி வைத்துக்கொள்கிற கம்பெனிக்கு ஊரில் மரியாதை கொடுக்காதீர்கள். அது பூட்டுவது உங்கள் ஊரின் அடுத்த ஐந்து கம்பெனிகளை. வேலை விட்டவர் ஊரிலேயே ஆறு மாதம் தாக்குப்பிடிக்க மலிவான ஒரு அறை கிடைத்தால் போதும், பாதிப் பேர் ரயில் ஏற மாட்டார்கள்.

தண்ணீரும் வாய்க்காலும்

வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பெங்களூர் தள்ளிப்போட்டது இதைத்தான். ஏரிக்கு ஏரி மழைநீரைக் கொண்டுபோகும் ராஜகாலுவேக்களை அடைத்துக் கட்டினார்கள். 2022இல் அவுட்டர் ரிங் ரோடு மூழ்கி, ஆபீஸ் போகிறவர்கள் டிராக்டரில் போனார்கள். 2024 கோடையில் நேர்மாறாக, குடத்தோடு டேங்கருக்குக் காத்திருந்தார்கள். அந்த அக்டோபரில்தான் காவிரி ஐந்தாம் கட்டம் வந்தது, நகர எல்லையில் சேர்ந்த 110 கிராமங்களுக்கு நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் திட்டம்.

நீங்கள் லேஅவுட்டுக்கு அனுமதி கொடுப்பதற்கு முன்பே கிராம வரைபடத்தை எடுத்து ஏரி, ஓடை, வரத்துக்கால்வாய் எல்லாவற்றுக்கும் சிவப்புப் பென்சிலால் கோடு போடுங்கள். ஐப்பசி மழை கொட்டும் நாளில் வயதான விவசாயி ஒருவரைக் கூட்டிக்கொண்டு அந்தக் கோட்டின்மேல் நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கே நிற்கும் என்று அவருக்கு அத்துப்படி. நின்ற இடங்களின் சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு, அங்கே யார் கட்டடம் கட்ட வந்தாலும் பேஸ்மென்ட்டில் டிரான்ஸ்ஃபார்மரும் ஜெனரேட்டரும் வைக்க மட்டும் அனுமதி கொடுத்துவிடாதீர்கள்.