நிற்பதா, வேண்டாமா? அதிபர் வேட்பாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் அதிபர் பதவிக்கு ஆசைப்படுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது காலண்டரைத்தான். கட்சி வேட்பாளரை முடிவு செய்யும் பிரைமரி தேர்தலுக்கு மனு தாக்கல் செய்ய ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனிக் கடைசி நாள் உண்டு. மதில்மேல் பூனைகளுக்காக அது தள்ளிப்போவதில்லை.

கடைசி நாள் வரை இழுப்பது பழைய வியாதி. 1991 டிசம்பர் 20: முதல் பிரைமரி நடக்கவிருந்த நியூ ஹாம்ப்ஷயரில் மாலை 5 மணியோடு மனு தாக்கல் முடிகிறது. நியூயார்க் ஆளுநர் மரியோ குவோமோவுக்காக ஆல்பனி விமான நிலையத்தில் வாடகை விமானம் தயாராக நிற்கிறது. அவரோ செய்தியாளர்களைக் கூட்டி, மாநில பட்ஜெட் சிக்கல் தீரவில்லை, நிற்கப்போவதில்லை என்றார். அவருடைய ஜனநாயகக் கட்சியிலேயே போட்டியாளரான பில் கிளின்டன் அக்டோபரிலேயே களத்தில் இறங்கிவிட்டிருந்தார்.

இதைவிட மோசம், ஆதரவாளர்களுக்கே சொல்லாமல் மனம் மாறுவது. குடியரசுக் கட்சியின் நெல்சன் ராக்கபெல்லர் 1968 மார்ச் 21 அன்று தன் முடிவை அறிவிப்பதாக இருந்தது. அவரை நிற்கவைக்க ஓடியாடிக்கொண்டிருந்த மேரிலாந்து ஆளுநர் ஸ்பைரோ அக்னியூ, நிருபர்களைத் தன் அலுவலகத்துக்கே வரவழைத்து, டிவி முன்னால் உட்காரவைத்திருந்தார். டிவியில் ராக்கபெல்லர் ‘நிற்கவில்லை’ என்றார். அக்னியூவின் முகம் எப்படி இருந்திருக்கும்! ஒரு போன் செய்திருந்தால் போதும். ஏப்ரல் 30 அன்று ராக்கபெல்லர் மறுபடி மனம் மாறிப் போட்டிக்கு வந்தார். அதற்குள் பல மாநிலங்களில் மனு தாக்கல் முடிந்திருந்தது; அதனால் கருத்துக்கணிப்பைக் காட்டி, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாட்டுப் பிரதிநிதிகளை இழுக்கலாம் என்று விளம்பரத்தில் பணத்தைக் கொட்டினார். மாநாட்டுக்குச் சற்று முன் வந்த கேலப் நிறுவனத்தின் கணிப்போ அவருடைய போட்டியாளர் ரிச்சர்ட் நிக்சனுக்குச் சாதகமாக அமைந்தது. மயாமி பீச் மாநாட்டில் நிக்சனுக்கு 692 வாக்கு, இவருக்கு 277. நிக்சனின் பெயரை அங்கே முன்மொழிந்தவர் யார் தெரியுமா? அக்னியூ. துணை அதிபர் வேட்பாளரும் அவரே ஆனார்.

மூன்றாவது, தொடக்க மாநிலங்களை விட்டுவிட்டுப் பெரிய மாநிலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. நியூயார்க் நகர முன்னாள் மேயர் ருடி ஜூலியானி 2008இல் ஃபுளோரிடாவையே நம்பியிருந்தார். மூன்றாம் இடம்தான் கிடைத்தது, மறுநாளே விலகினார். 2020இல் கோடீஸ்வரர் மைக்கேல் புளூம்பெர்க் முதல் நான்கு மாநிலங்களைத் தாண்டிக் குதித்தார். நூறு கோடி டாலருக்கு மேல் செலவழித்தும் அவர் வென்ற ஒரே இடம் பசிபிக் கடலில் உள்ள குட்டித் தீவுப் பகுதியான அமெரிக்கன் சமோவா. ஆரம்பத்தில் தோற்றுக்கொண்டே இருப்பவரைப் பற்றி செய்தி வராது, நன்கொடையும் வராது என்பதை ஆலோசகர்கள் ஏனோ ஒவ்வொரு முறையும் மறந்துவிடுகிறார்கள்.

‘ஜனநாயகக் கட்சியின் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியிலும் நிற்காமல் வேட்பாளர் ஆகவில்லையா?’ என்று கேட்பவர்கள் உண்டு. ஆனார், அதுவும் அதே 1968இல்தான். அப்போது பெரும்பாலான பிரதிநிதிகள் கட்சித் தலைவர்களின் கைக்குள் இருந்தார்கள். அந்த ஆண்டு சிகாகோ மாநாட்டில் நடந்த ரகளைக்குப் பிறகு ஜனநாயகக் கட்சி பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் விதிகளையே மாற்றியது. 2024இல் கமலா ஹாரிஸுக்குப் பிரைமரி இல்லாமல் வாய்ப்பு வந்ததும், ஜூலை 21 அன்று ஜோ பைடன் விலகி, அவருடைய பிரதிநிதிகள் அப்படியே இவர் பக்கம் வந்ததால்தான். அதை முன்கூட்டியே திட்டம் போட்டு யாராலும் வரவழைக்க முடியாது.